புற்றுக் காளானும் அதன் போலியும்

(மழைக்காலத் தொடக்கத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரின் கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



முதல் மழை பெய்து, இடி முழங்கி ஓய்ந்த மறுநாள் காலையில் நம் கிராமங்களில் காணும் காட்சியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கூடையும் சிறு களைக்கொத்தும் ஏந்திப் பெண்கள் புற்றுள்ள மேடுகளை நோக்கி நடப்பார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். அன்று அடுப்பில் கொதிக்கும் குழம்பின் மணம் ஆட்டுக்கறியின் மணத்தோடு போட்டியிடும். காசில்லாமல் கிடைக்கும் நல்லுணவு அது. ஏழையின் வீட்டிலும் அன்று விருந்துதான்.

அந்தப் புற்றுக் காளானைப் பற்றியும், அதனைப் போலவே தோன்றி ஆளை ஏமாற்றும் வேறொரு காளானைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். நான் நூல்களில் கற்றதைச் சொல்லுமுன், என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வயது பத்து. எங்கள் அத்தை காளான் பறிப்பதில் கைதேர்ந்தவர். அவர் கூடையில் போட்டதை ஊரே கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணும். ஒரு நாள் மாலை மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்திலிருந்து திரும்பும்பொழுது, புல்லின் நடுவே வெள்ளை வெளேரென்று ஏழெட்டுக் காளான்கள் நிற்பதைக் கண்டேன். இரண்டு நன்றாக விரிந்திருந்தன. மற்றவை பாதி விரிந்த நிலையில் இருந்தன. இருட்டிக்கொண்டு வந்தது. தாளைத் தரையோடு முறித்துத் துண்டில் கட்டிக்கொண்டு வீட்டிற்கு ஓடினேன்.

அத்தை விளக்கொளியில் அவற்றைத் திருப்பிப் பார்த்தார். "வேர் எங்கேடா?" என்று கேட்டார். "முறிந்துவிட்டது, அத்தை" என்றேன். "புற்றோரத்தில்தானே பறித்தாய்?" என்று மறுபடியும் கேட்டார். எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரம். உண்மையைச் சொன்னால் அவற்றைக் குப்பையில் கொட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். "ஆமாம், அத்தை" என்றேன்.

உண்டு இரண்டு மணி நேரத்திற்குள் வீட்டில் ஆறு பேரும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் சுருண்டு விழுந்தோம். நான்கு வயதுத் தங்கையின் கண்கள் குழிவிழுந்து, நாவறண்டு, அழக்கூட வலுவில்லாமற் போயிற்று. அண்டை வீட்டார் வண்டி பூட்டி எங்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தனர். எவர் உயிரும் போகவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பினோம்.

சமைக்காமல் மிஞ்சிய இரண்டு காளான்கள் முறத்தில் கவிழ்ந்தபடியே கிடந்தன. அத்தை அவற்றை எடுத்துப் பார்த்தார். வெண்மையாக இருந்த அடிப்பகுதி சாம்பல் கலந்த பச்சையாக மாறியிருந்தது. முறத்தில் பாசிப்பொடி தூவினாற்போலப் பசிய தூள் படிந்திருந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் காளான் பறிக்கப் போகவேயில்லை. தம் கண் தவறிவிட்டது என்றே அவர் எண்ணிக்கொண்டார். நானோ வாய் திறக்கவில்லை.

அந்தப் பசிய தூள் என்னவென்பதை வேளாண்மைக் கல்லூரியில் பயின்றபொழுதுதான் அறிந்தேன்.

இரண்டின் பிறப்பும் வேறு

புற்றுக் காளான் தானாக முளைப்பதன்று. அது கறையானின் பயிர். நிலத்தடியில் கறையான்கள் சருகையும் மரத்தூளையும் மென்று, தேன்கூட்டைப் போன்ற அறைகளை அமைக்கின்றன. அந்த அடையில் ஒருவகைப் பூஞ்சை வளர்கின்றது. மென்று போட்ட மரச்சத்தை அது செரிக்கத்தக்கதாக மாற்றுகின்றது. அதனைக் கறையான்கள் உண்டு வாழ்கின்றன. மழை பெய்து மண் நனைந்ததும், அந்தப் பூஞ்சை நிலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே குடை விரிக்கின்றது. இந்தப் பேரினத்திற்கு டெர்மிட்டோமைசிஸ் என்னும் பெயரை 1942-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் சூட்டினார். நம் நாட்டில் உண்ணப்படும் இனங்களுள் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன் 1979-ஆம் ஆண்டில் ஆராய்ந்து விவரித்து, ஹெய்மின் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த உணவு, இவ்வாறு அறிவியல் ஏட்டிலும் இடம் பெற்றது.

போலியின் கதை வேறு. அதற்குக் கறையானோடு உறவில்லை. மேய்ச்சல் தரை, புல்வெளி, எருவிட்ட தோட்டம், பள்ளிக்கூட மைதானம் ஆகியவற்றில் மட்கிய பொருள்களை உண்டு அது வளர்கின்றது. பல வேளைகளில் வட்டமாகக் கோலமிட்டாற்போல முளைக்கும். இதன் அறிவியற்பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது. முதற்பாதிக்குப் பச்சை இதழ் என்பது பொருள். நாம் அதனைப் பச்சைத்தூள் காளான் என்று அழைப்போம். வெப்ப நாடுகள் பலவற்றிலும் காளான் நஞ்சால் மக்கள் நோயுறுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுவே.

அடையாளங்கள்

இரண்டும் வெண்மையானவை. இரண்டும் மழைக்குப் பின் தோன்றுபவை. இரண்டும் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரியக்கூடியவை. அப்படியானால் எவ்வாறு பிரித்தறிவது?

முதலாவது, வேர். புற்றுக் காளானின் தாள் தரையோடு முடிவதில்லை. அது குறுகி நீண்டு, வேரைப்போல மண்ணுக்குள் இறங்கி, கறையான் அடையைச் சென்று தொடும். ஒரு முழ ஆழத்திற்கும் அது போவதுண்டு. பச்சைத்தூள் காளானின் தாளோ தரையிலேயே சற்றுப் பருத்துக் குமிழ்போல முடிந்துவிடும். ஆகவே காளானைப் பிடுங்காதீர்கள், முறிக்காதீர்கள். சுற்றிலும் மண்ணைக் கிளறி அடிவரை தோண்டி எடுங்கள். மிக முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்தான் இருக்கின்றது. நான் அன்று முறித்துக்கொண்டு வந்தபொழுது, அத்தை பார்க்க வேண்டிய அடையாளத்தை மேய்ச்சல் தரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கறையான் வெளியே தள்ளிய பொடியில் பொத்தான் அளவில் கூட்டங்கூட்டமாக முளைக்கும் சிறு புற்றுக் காளானுக்கு மட்டும் வேர் இராது. நான் இப்பொழுது கூறுவது பெரிய குடைக் காளான்களைப் பற்றியே.

இரண்டாவது, குடையின் உச்சி. புற்றுக் காளான் கெட்டி மண்ணைத் துளைத்து வரவேண்டியிருப்பதால், அதன் குடையின் நடுவே உறுதியான முனையொன்று உண்டு. குடை விரிந்த பின்பும் அந்த முனை தெரியும். விரிந்த குடையின் ஓரம் பல இடங்களில் கிழிந்திருக்கும். பச்சைத்தூள் காளானின் குடை இளமையில் முட்டைபோல உருண்டிருக்கும். விரியும்பொழுது அதன் மேல்தோல் வெடித்து, நடுவில் பழுப்பு நிறத் திட்டும், சுற்றிலும் பழுப்பு நிறச் செதில்களும் தங்கும். கடுமழை அடித்தால் இச்செதில்கள் கழுவிப் போய்விடுவதும் உண்டு. எனவே செதில் இல்லை என்பதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லலாகாது.

மூன்றாவது, தாளின் வளையம். பச்சைத்தூள் காளானின் தாளில் தடித்த வளையம் ஒன்றிருக்கும். முற்றிய காளானில் அதனைக் கைவளையலைப்போல மேலும் கீழும் நகர்த்தலாம். ஆனால் வளையம் இருந்தாலே நஞ்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் முன்பு சொன்ன ஹெய்மி இனத்திற்கும் வளையம் உண்டு. அது தாளோடு ஒட்டி நிற்கும்.

நான்காவது, அடியிதழ்களின் நிறம். குடையைக் கவிழ்த்தால் புத்தகத்தின் தாள்களைப்போல நெருங்கிய மெல்லிய இதழ்களைக் காண்பீர்கள். புற்றுக் காளானில் இவை வெண்மையாகத் தொடங்கி, முற்றும்பொழுது இளஞ்சிவப்புச் சாயல் பெறும். போலியில் வெண்மையாகத் தொடங்கி, முற்றியபின் சாம்பற்பச்சையாகும். சூழ்ச்சி இங்கேதான் இருக்கின்றது. இளங்காளான்தான் சுவை மிக்கது என்று நாம் தேடுகின்றோம். ஆனால் இளமையில் இரண்டுக்கும் இதழ்கள் வெண்மையே. எங்கள் அத்தையின் அனுபவம் மிக்க கண்களும் விளக்கொளியில் பச்சையைக் காணாததற்குக் காரணம், அப்பொழுது அங்கே பச்சை தோன்றியிருக்கவில்லை என்பதே.

தூள் சோதனை

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இதற்குக் காசு வேண்டாம், கருவியும் வேண்டாம். பறித்தவற்றுள் நன்றாக விரிந்த காளான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை நீக்கிவிட்டு, குடையை அடியிதழ்கள் கீழ்நோக்க ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் வையுங்கள். காற்று வீசாதபடி ஒரு பாத்திரத்தால் மூடுங்கள். இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். காலையில் குடையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். காகிதத்தில் சக்கரத்தின் ஆரங்களைப்போல வித்துத்தூள் படிந்திருக்கும். அது பச்சையாக இருந்தால், அந்தக் கூடை முழுவதையும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பு அல்லது இளஞ்சிவப்புக் கலந்த பாலேடு நிறத்தில் இருக்கும். எங்கள் வீட்டு முறம் மூன்று நாளில் தானே செய்து காட்டிய சோதனையும் இதுவே. அது சமையலுக்கு முன் நடந்திருக்க வேண்டும்.

பச்சைத்தூள் இல்லை என்பதனாலேயே ஒரு காளான் உண்ணத்தக்கது என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளைத்தூள் உதிர்க்கும் கொடிய காளான்களும் உண்டு. இடம், வேர், முனை, தூள் ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்தினாலன்றி உண்ணலாகாது. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டி எவரிடமேனும் கேட்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. படத்தில் வேரும் தெரியாது; தூளும் தெரியாது. படத்தை நம்பிப் பானையில் போடாதீர்கள்.

அதனினும் கொடியது

பச்சைத்தூள் காளான் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, வாட்டி வதைக்கும். ஆனால் உடலின் நீர் வற்றுவதால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உயிருக்கே தீங்கு நேரலாம். அமானிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில காளான்கள் உண்மையிலேயே உயிர்க்கொல்லிகள். அவை மரங்களின் அடியில் முளைப்பவை. அடியிதழ்கள் வெண்மை, தூளும் வெண்மை, தாளில் வளையம் இருக்கும், தாளின் அடியில் மண்ணுக்குள் கிண்ணம் போன்ற உறை இருக்கும். இங்கும் அடையாளம் மண்ணுக்குள்தான் இருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களும் நம்மைப்போல உண்ணும் காளான் என்று நம்பியே பறித்தவர்கள்.

இக்கொடிய நஞ்சு தன்னை உடனே காட்டிக்கொள்வதில்லை. பச்சைத்தூள் காளான் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் வாந்தியை உண்டாக்கும். அமானிட்டாவின் நஞ்சோ ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே, சில வேளைகளில் ஒரு நாள் கழித்தே தோன்றும். வாந்தியும் பேதியும் கண்டு, பிறகு குணமானாற்போல ஒரு தோற்றம் ஏற்படும். அந்த வேளையில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். "நேற்று உண்டோம், இரவெல்லாம் ஒன்றும் நேரவில்லை, எனவே நஞ்சில்லை" என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

பழைய நம்பிக்கைகள்

சில நம்பிக்கைகள் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றன. வெள்ளிக்காசைக் குழம்பில் போட்டால் நஞ்சு அதனைக் கறுக்கச் செய்யும் என்பர். பூண்டு நிறம் மாறும் என்பர். புழுவும் நத்தையும் தின்ற காளான் நமக்கும் நல்லது என்பர். மஞ்சளும் உப்பும் இட்டுக் கொதிக்க வைத்தால் நஞ்சு முறியும் என்பர். இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. அது வெள்ளியைக் கறுக்கச் செய்வதும் இல்லை. நத்தைக்கு ஒவ்வும் உணவு மனிதனுக்கு ஒவ்வ வேண்டும் என்னும் நியதியும் இல்லை. முன்னோர் சொன்ன சோதனைகளுள் நம்பத்தக்கது எங்கள் அத்தை கேட்ட அந்த முதற்கேள்விதான்: "வேர் எங்கே?"

தீங்கு நேர்ந்தால்

காளான் உண்டபின் வாந்தியோ பேதியோ வயிற்றுவலியோ கண்டால், ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-க்குத் தகவல் கொடுத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதே உணவை உண்ட மற்றவர்களையும், நோய் காணாதவராயினும், உடன் அழைத்துச் செல்லுங்கள். உப்புநீரை ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யும் கைவைத்தியம் வேண்டாம்; அது வேறு தீங்கை விளைவிக்கலாம். தெளிவாக இருப்பவருக்கு, விழுங்க முடியுமானால், உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மிஞ்சிய காளானையும் குழம்பையும் காகிதத்திலோ பாத்திரத்திலோ எடுத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில் உண்டீர்கள், எந்த நேரத்தில் நோய் கண்டது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த இடைவெளியே எந்த நஞ்சு என்பதைக் காட்டும் கைகாட்டி.

காளான் சமைக்கும் நாளில் ஒரு காளானைச் சமைக்காமல் தனியே எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே கூடையில் பல இடத்துக் காளான்களைக் கலக்காதீர்கள். ஒரே ஒரு போலி, கூடை முழுவதையும் கெடுத்துவிடும்.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் காளானே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சத்தினால் அறிவைக் கைவிடுவதும் இழப்பே. எங்கள் அத்தை பறிப்பதை நிறுத்தியபொழுது, எந்தப் புற்றில் எந்த மாதம் எந்தக் காளான் வரும் என்னும் அறிவும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. உங்கள் ஊர்களில் அத்தகைய மூதாட்டிகள் இன்னும் இருக்கின்றனர். மழைக்காலம் தொடங்கும்பொழுது குழுக் கூட்டத்தில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள். அவர்களோடு வயலுக்குச் சென்று, தோண்டி எடுப்பதைக் கண்ணால் பாருங்கள். பள்ளி ஆசிரியர்கள் தூள் சோதனையை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். சோதித்தபின் கைகளைக் கழுவச் சொன்னால் போதும். காகிதத்தில் பச்சைச் சக்கரத்தைக் கண்ட பிள்ளை அதனை மறக்காது.

மற்றொரு வழியும் உண்டு. புற்றுக் காளானைக் கறையான் இல்லாமல் வளர்த்துப் பயன் பெறுவது இதுவரை கைகூடவில்லை. ஆனால் பால் காளானையும் சிப்பிக் காளானையும் நாமே வைக்கோலில் வளர்க்கலாம். நம் சமவெளியின் வெப்பத்திற்கு ஏற்ற பால் காளான் வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தூய வித்து வாங்கி, குடிலில் வளர்த்த காளானில் ஐயத்திற்கு இடம் குறைவு. வேளாண் அறிவியல் நிலையங்களில் இதற்குப் பயிற்சி அளிக்கின்றனர். உங்கள் குழுக்கள் அதனைப் பயன்படுத்திக்கொண்டால் உணவும் கிடைக்கும், வருவாயும் கிடைக்கும்.

முடிக்கும்முன் ஒன்று. நான் வேலையில் சேர்ந்த ஆண்டில் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். புற்றோரத்தில் அல்ல, மேய்ச்சல் தரையில் பறித்தேன் என்றேன். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீ பொய் சொன்னது பிள்ளைப் புத்தி. வேரைக் காணாமல் நான் உலையில் போட்டதுதான் தப்பு" என்றார். இத்தனை ஆண்டுகள் அவர் சுமந்த சுமையில் பாதி என்னுடையது என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே, பிள்ளைகள் காளான் கொண்டுவந்தால் பாராட்டுமுன் கேளுங்கள். எங்கே பறித்தாய் என்று கேளுங்கள். வேரைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் திட்டாமல், அடிக்காமல், அப்படியே குழியில் போடுங்கள். திட்டுக்கு அஞ்சும் பிள்ளை உண்மை சொல்லாது.